பெட்டக அறைக்குள் ஒரு ஓம்

நான் தமிழை நிறுத்தியதால்தான் மகள் பேச்சை நிறுத்தினாளா? இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவளுக்கு இரண்டு வயது முடிந்தபோது, பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் நேர்ஸ் ஒரு படிவம் தந்தார். பிள்ளை ‘யெஸ்’, ‘நோ’ சொல்கிறதா என்று அதில் ஒரு கேள்வி. இல்லை என்று நிரப்பினேன். சில மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்போம் என்றார் அவர். வீட்டில் தமிழ் பேச வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை. அது பஸ் தரிப்பில் நின்றபடி நானாக எடுத்த முடிவு. அன்றிலிருந்து மகளோடு இங்கிலீஷ் மட்டும்தான். பால், காகம், பூ என்று அவளிடம் இருந்த சில சொற்களும் ஒவ்வொன்றாக நின்றுபோயின.

“நேர்ஸ் சொன்னவவோ? நீயாத்தானே தொடங்கினனீ,” என்பார் கணவர். அவள் பேச்சு நின்றது அதனால்தானோ என்று எனக்குப் பயம்.

நாங்கள் குடிவந்திருக்கும் புறநகரான கிரெய்கிபர்னில் எங்கள் தெரு புதிது. பகலில் ஒருவரையும் காண முடியாது. அதனால் வியாழக்கிழமைகளில் ரயிலேறி, நகரத்துக்குக் கிட்டவுள்ள ஒரு பழைய பகுதிக்கு சின்னப் பிள்ளைகள் அம்மாமாரோடு கூடி விளையாடும் பிளேகுரூப்புக்கு மகளைக் கூட்டிப் போவேன். அது நடப்பது விக்டோரியா மகாராணி காலத்து வங்கிக் கட்டடம் ஒன்றில்.

கொழும்பில் கட்டட வரைபடம் கீறும் வேலை செய்தவள் நான். அதனால் முதல் நாளே கண் அங்குதான் போனது. இங்கிலாந்தின் ஏதோ ஒரு சிறு நகரத்தில் நிற்க வேண்டிய கட்டடம். இரண்டு தெருவையும் பார்க்கும்படி மூலையை வெட்டி வாசல் வைத்து, இரு பக்கமும் தூண் நிறுத்தியிருக்கிறார்கள். அடிப்பகுதி மட்டும் உண்மையான கருங்கல். அதற்கு மேலே செங்கல்தான்; சாந்து பூசி, கோடு கீறிக் கல் போலக் காட்டியிருக்கிறார்கள். ஜன்னல்கள் என் தோளுக்கு மேலே தொடங்குகின்றன. வெளியே நிற்பவர் பணத்தைப் பார்க்கக்கூடாது என்பதற்காக இருக்கும். உள்ளே இருப்பவருக்குத் தெரிவது வானம் மட்டும்.

அந்தக் காலத்தில் மேல்மாடியில் வங்கி மனேஜரின் குடும்பம் இருந்ததாம். அவர்களுக்குப் பக்கத்துத் தெருவில் சின்னதாக ஒரு தனி வாசல். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த மனேஜரின் மனைவி, கைக்குழந்தையோடு அந்த மாடியில் பகல் முழுக்க யாரோடு கதைத்திருப்பாள்? மற்ற அம்மாமார் கோப்பி குடித்துச் சிரிக்கும்போது நான் இதைத்தான் யோசிப்பேன்.

கூடத்தின் பின்னால், வங்கிப் பணத்தைப் பூட்டிவைத்த பழைய பெட்டக அறை. வளைந்த செங்கல் கூரை, ஜன்னல் கிடையாது. சாத்த முடியாதபடி சுவரோடு சேர்த்துப் பூட்டிய இரும்புக் கதவு. இப்போது அங்கே விளையாட்டுச் சாமான்கள் இருக்கின்றன. ஒரு வியாழன் மகளைக் காணவில்லை. இங்கிலீஷில் இரண்டு தரம் கூப்பிட்டேன். சத்தமே இல்லை. பயத்தில் வாய் தமிழுக்கு மாறிவிட்டது.

“குஞ்சு, உள்ளுக்கை நிக்கிறியோ?”

“ஓம்!”

அந்த வளைவுக் கூரை அதை வாங்கி, நீட்டி முழக்கிக் கூடம் முழுக்கக் கேட்க வைத்தது. எல்லோரும் திரும்பினார்கள். பிளேகுரூப்பை நடத்தும் பெண் நெஞ்சில் கை வைத்தார். “என்ன அழகு! வீட்டில் தியானம் பழக்குகிறீர்களா?”

“என்னுடையவனுக்கும் பழக்கிவிடுங்கள், ஒரு நாளாவது வாயை மூடட்டும்,” என்றாள் இன்னொரு அம்மா.

எங்கள் ஆட்கள் ‘ஆம்’ என்பதை அப்படித்தான் சொல்வார்கள் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். கூச்சத்தில் நான் ‘யெஸ்’ என்றேன்.

அடுத்த கிழமை பெட்டக அறையில் தியானத்துக்கென்று மெத்தைகள் போட்டிருந்தன. பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு “ஓம்ம்ம்” என்றார்கள். என் மகள் மட்டும் கண்ணைத் திறந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஓம் என்று அத்தனை பேரும் சொல்கிறார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லையே என்று தேடுகிறாள் போல இருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். கேட்க வேண்டியவள் நான். நான் வாயைத் திறக்கவில்லை.

வீடு வரும் வழியில், ரயிலில்தான் அது மனதில் பட்டது. நேர்ஸ் படிவம் தந்த நாளிலும் அவள் ‘ஓம்’ சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். ‘யெஸ்’ சொல்கிறாளா என்றுதானே கேட்டிருக்கிறது என்று, நான்தான் இல்லை போட்டேன்.

வருகிற கிழமை திரும்பவும் நேர்ஸிடம் போக வேண்டும். இரண்டு மொழிக்குள் பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது இதை வாசித்தால் தயவுசெய்து எழுதுங்கள். அந்தப் பழைய பதிலைத் திருத்தச் சொல்லி நேர்ஸிடம் கேட்கலாமா? நாளைக்கே நான் தமிழுக்குத் திரும்பினால், அவள் இன்னும் குழம்பிப் போவாளா, இல்லை, பதில் சொல்வாளா?