ஒன்பது அடி

இதில் ஒரே ஒரு பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம், கடிகார நேரம் உட்பட, நடந்தது நடந்தபடியே. பட்டப்பகலில் நடந்தது. அதனால்தானோ என்னவோ, என் அம்மாவே நம்பவில்லை.

என் பெயர் மைதிலி. ஊர் ஜேடர்பாளையம். எம்.ஏ. வரலாற்றில் எல்லாப் பேப்பரும் முடித்துவிட்டேன், ஒன்றைத் தவிர. 'இங்கிலாந்து வரலாறு, 1485 வரை.' இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் போய்விட்டது. 2023 ஏப்ரலில் மூன்றாவது முறை. பாஸ் செய்தால் நாமக்கல்லில் ஒரு பள்ளியில் வேலை. இல்லாவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருந்தார். பெண் பார்க்க வந்த அன்று, தட்டில் காபியைச் சிந்திவிட்டாள் என்று, கூட வந்த தன் தங்கையை எல்லோர் முன்னாலும் அறைந்தவர் அவர்.

ஊரில் இருந்தால் படிப்பு ஓடாது. சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடி அறையை ஒரு மாதத்துக்கு எடுத்துக்கொண்டேன். கீழே வீட்டுக்காரம்மா கமலவேணி மட்டும் இருந்தார். மாடியில் இரண்டு அறைகள். எனக்கு ஒன்று. மற்றது வெளியே பூட்டிக் கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு. என் பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"பக்கத்து ரூம்ல யாருங்க இருக்காங்க?"

"யாருமில்ல சாமி. நீ பாட்டுக்குப் படி."

எனக்கு வாய்விட்டுப் படித்தால்தான் மனதில் நிற்கும். செவ்வாய்க்கிழமை மதியம் 3.05. "597, அகஸ்டின் கென்ட் கரையில் இறங்கினார்" என்றேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ முணுமுணுத்தார்கள்.

"597... அகஸ்டின்..."

எதிரொலி என்று நினைத்தேன். புதன்கிழமையும் கேட்டது. அதே 3.05. இளம்பெண்ணின் குரல். நான் ஒரு வரி சொன்னால் அவளும் அதே வரியைச் சொன்னாள். வெளியே போய்ப் பார்த்தேன். பூட்டு துருப்பிடித்திருந்தது. அடுத்த வீட்டில் எவளோ படிக்கிறாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், துணைக்கு ஆள் கிடைத்த மாதிரிகூட இருந்தது.

வியாழன், 3.20. வாய் தவறிவிட்டது.

"ஹேஸ்டிங்ஸ் போர், 1067."

"1067" என்றாள் அவளும்.

சளீர்!

ஸ்டீல் ஸ்கேல் சதையில் விழும் சத்தம். பள்ளியில் வாங்கியவர்களுக்குத் தெரியும். பிறகு அடக்கிய அழுகை.

"1066!" என்று பதறித் திருத்தினேன். அழுகை நின்றது.

அடுத்து நான் செய்ததை மறைத்துவிடலாம். ஆனால் மறைத்தால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. எனக்கு அது நிஜமா என்று தெரிய வேண்டியிருந்தது.

"மாக்னா கார்ட்டா, 1216" என்றேன். வேண்டுமென்றே.

"1216."

சளீர்!

"கனூட் மன்னன் பட்டமேறியது 1020."

அவள் தயங்கினாள். சரியான விடை அவளுக்குத் தெரியும். அந்தத் தயக்கத்திலேயே எனக்குப் புரிந்தது. இருந்தும் நான் சொன்னதையே சொன்னாள்.

"1020."

சளீர்!

நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இன்னும் மூன்று முறை தப்பாகச் சொன்னேன். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெள்ளி. 3.05. கரண்ட் இல்லை. இனி ஒரு வரிகூடத் தப்பாகச் சொல்லக்கூடாது என்று புத்தகத்தைப் பார்த்தே படித்தேன். பழைய இங்கிலாந்தில் குற்றவாளியை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்ற பாடம்.

"காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தி ஒன்பது அடி நடக்க வேண்டும். பிறகு கையைக் கட்டி முத்திரை வைப்பார்கள்..."

அவள் திருப்பிச் சொல்லவில்லை.

"மூன்றாம் நாள் கட்டைப் பிரிப்பார்கள். புண் ஆறியிருந்தால் நிரபராதி. சீழ் பிடித்திருந்தால்..."

"அப்பா... வேண்டாம்ப்பா. நான் படிச்சேன்ப்பா. நெசமாவே படிச்சேன்."

வாயை மூடிக்கொண்டேன்.

பாடம் நிற்கவில்லை.

அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல் அதைத் தொடர்ந்து படித்தது. நிதானமாக. வகுப்பில் படிப்பதைப் போல.

3.17. தோல் கருகும் வாடை.

காலடிச் சத்தம்...

ஒன்று...

இரண்டு...

நடுக்கதவை நோக்கி வந்தது.

நின்றது.

கதவில் ஈரமாக ஏதோ ஒட்டும் சத்தம்.

"அக்கா... நான் படிச்சேன்னு நீங்க சொல்லுங்கக்கா."

நான் சொல்லவில்லை.

ஓடினேன்.

படிக்கட்டின் கீழே கமலவேணியம்மா நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"கேட்டிருச்சா சாமி?"

ஆறு வருடத்துக்கு முன் மாடி முழுவதும் ஒரு வரலாற்றுப் பேராசிரியருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். மனைவி இல்லாதவர். ஒரே மகள், இலக்கியா. காலேஜில் இரண்டாம் வருடம். அவர் பாடத்திலேயே அவள் ஃபெயில்.

"படிச்சேன்னு அந்தப் புள்ள சொல்லுது. பொய்யின்னு அவரு சொல்றாரு. புஸ்தகத்துல இருக்கற மாதிரியே காஞ்ச கம்பிய வலதுகையில குடுத்து நடக்க உட்டுட்டாருங்க. மூணு நாளு கட்டப் பிரிக்கல. ஆசுபத்திரிக்கும் கூட்டிட்டுப் போகல. பிரிச்சா சீழு. 'பாத்தியா, பொய்யி'ன்னாரு. ஆறாம் நாளு போய்ச் சேந்துருச்சு."

"நீங்க கீழதானே இருந்தீங்க?"

"பெரிய படிப்பு படிச்சவரு. நான் போயி என்னத்தச் சொல்றது?"

"அவர் இப்ப எங்கங்க?"

"அடுப்புல சுட்டுக்கிச்சுன்னு சொல்லித் தப்பிச்சுட்டாரு. வேற ஊருக் காலேஜில பாடம் நடத்திக்கிட்டு, பரீட்சைப் பேப்பரும் திருத்திக்கிட்டுத்தான் இருக்காரு."

அன்றே ஊருக்குத் திரும்பிவிட்டேன். பரீட்சை எழுதினேன். பன்னிரண்டாவது கேள்வி, பத்து மார்க். அந்த இரும்புச் சோதனையைப் பற்றித்தான் கேட்டிருந்தார்கள். ஒரு எழுத்துகூட எழுத முடியவில்லை. இரண்டு பக்கத்தைக் காலியாக விட்டுக் குறுக்கே கோடு போட்டேன்.

ரிசல்ட் வந்தது. பாஸுக்கு ஐம்பது வேண்டும். எனக்கு நாற்பத்து நான்கு.

விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்தேன். கல்யாணத்துக்கு முந்தின வாரம்தான் அது வந்தது. நான் காலியாக விட்ட இரண்டு பக்கமும் நிறைந்திருந்தன. என் கையெழுத்து இல்லை. பழக்கமில்லாத இடது கையால் எழுதியது போல எழுத்துகள் கோணிக் கிடந்தன. விடையில் ஒரு தவறும் இல்லை.

ஓரத்தில், திருத்தியவர் ஒரு பூஜ்யம் போட்டிருந்தார். அதன் கீழே ஒரே ஒரு சொல்.

பொய்.