செவலைக்குப் போட்ட சாம்பிராணி

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் மூடமாட்டார். கேரி தீவிலிருந்து செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு இருபத்தாறு வருடம் லோரி ஓட்டியவர். பகல் முழுக்க லோரிக்குள் தனியாக உட்கார்ந்து சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் சாயங்காலம் கொண்டுவந்து என் தலையில் கொட்டுவார். பந்திங்கில் எந்தக் கடையில் தேத்தண்ணி நன்றாக இல்லை, தோட்டத்தில் எந்த மேண்டோர் எந்த வேலையாளோடு சண்டை போட்டான், வழியில் குறுக்கே வந்த மோட்டார்காரனை இவர் என்ன கேட்டார், அவன் என்ன சொன்னான், எல்லாம் வரும். "கொஞ்ச நேரம் வாய மூடுங்களேன், காது வலிக்குது" என்று நான் சொல்லாத நாள் கிடையாது.

போன வருடம் பக்கவாதம் வந்து அந்த வாயை மூடிவிட்டது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நாம் பேசுவதெல்லாம் அவருக்குப் புரியும், ஆனால் பதில் சொல்லச் சொல் கிடைக்காது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். விடாமல் பேச்சுக் கொடுங்கள், வந்தாலும் வரும் என்றார்கள். நானும் பேசினேன். கிள்ளானில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு, மீன் விலையிலிருந்து பக்கத்து வீட்டுச் சண்டை வரைக்கும் பேசித் தீர்த்தேன். அவர் டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். "ஆமா, இல்லன்னாவது சொல்லுங்க. ஒரு வார்த்த. திட்டவாவது திட்டுங்க" என்று அழுதும் பார்த்தேன். ஐந்து மாதம் ஒரு சத்தம் வரவில்லை.

அப்போதுதான் அடுத்த வீட்டுச் சீன அம்மா, மகனோடு அடுக்குமாடிக்குக் குடிபோகப் போகிறேன் என்று ஒரு கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். உள்ளே இரண்டு கினி பிக். அந்த அடுக்குமாடியில் பிராணி வளர்க்க விடமாட்டார்களாம். "தோலோங் லா ஆச்சி, டுவா சாஜா" என்றாள். உதவி பண்ணணுமாம், இரண்டே இரண்டுதானாம். வால் இல்லாத எலி, அவ்வளவுதான். இருக்கிற பாடு போதாதென்று இது வேறு. ஆனால் இருபது வருடம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவளிடம் எந்த முகத்தோடு முடியாது என்று சொல்வது? வாங்கி வைத்தேன்.

ஒன்று வெள்ளை. இன்னொன்று மாட்டில் செவலை என்போமே, அந்த நிறம். பிளாஸ்டிக் பை சரசரத்தால் போதும், கீரை வருகிறது என்று இரண்டும் வீடே அதிர விசில் அடிக்கும். முதல் முறை அதைக் கேட்டபோது என் வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பாதி முகத்தால் சிரித்தார். நான் செவலையைத் தூக்கி அவர் மடியில் விட்டேன். அது அவர் சட்டைப் பொத்தானை முகர்ந்து பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டது. மூன்றாம் நாள் நான் அடுப்படியில் இருக்கும்போது கூடத்திலிருந்து "வா" என்று கேட்டது.

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். "என்னங்க, கூப்டீங்களா? என்னையா கூப்டீங்க?" அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மடியில் இருந்ததைப் பார்த்து மறுபடியும் "வா" என்றார்.

பிறகு "தின்னு" வந்தது. "போதும்" வந்தது. ஒரு நாள் நாக்கைப் புரட்டிப் புரட்டி "செவல" என்றே கூப்பிட்டுவிட்டார். எல்லாம் அதனோடுதான். என்னிடம் மூச்சு கிடையாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த எலியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். முப்பது வருடம் ஆக்கிப் போட்டவள் இங்கே நிற்கிறேன், இவர் அதனோடு கொஞ்சிக்கொண்டிருக்கிறார் என்று வயிறு எரிந்தது.

பிரிக்பீல்ட்ஸில் தங்கி வேலை பார்க்கும் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். அவள்தான் என்னை அதட்டினாள். "அம்மா, அப்பா யார்கிட்ட பேசுனா என்ன? பேசுறாருல்ல. இதுங்ககிட்ட பேசிப் பேசித்தான் நம்மகிட்ட வருவாரு. நீ இதுங்கள நல்லா பாத்துக்க, அது போதும்லா." அவள் சொன்னது சரி. இந்த இரண்டு ஜீவனும் இருந்தால்தான் அவருக்குப் பேச்சு என்று எனக்கும் விளங்கியது. அன்றிலிருந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டேன்.

வருடக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் வெயிலே இல்லை. துணி காயவில்லை, தரையெல்லாம் பிசுபிசுத்தது, ஜன்னல் வழியாக ஈரக்காற்று வந்தபடி இருந்தது. மகள் போனைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொடுத்தாள். கூண்டைத் தரையில் வைக்காதே, வாசல் காற்று படாத மூலையில் மேசை மேல் வை. காய்ந்த புல்லை நிறையப் போடு, அதைக் குடைந்துகொண்டு படுக்கும். அட்டைப்பெட்டியில் வாசல் வெட்டி உள்ளே வை. துணி நனைந்தால் உடனே மாற்று. ரொம்பக் குளிர்ந்தால் காலுறையில் அரிசியைக் கட்டி, மைக்ரோவேவில் லேசாகச் சூடு காட்டி, துண்டு சுற்றிப் பக்கத்தில் வை. முக்கியமாக, குளிப்பாட்டாதே.

"கிள்ளான்ல என்னடி குளுரு? இவங்க என்ன கேமரன் மலையிலயா இருக்காங்க?" என்று நான் சிரித்தேன். ஆனாலும் சொன்னபடிதான் செய்தேன். பால்மாவுப் பெட்டியில் வாசல் வெட்டினேன். அவருடைய பழைய சாரோங் கைலியைக் கிழித்து மெத்தை போட்டேன். அரிசிக் காலுறையை மட்டும் செய்யவில்லை. உண்கிற அரிசியைக் கொண்டுபோய்க் காலுறையில் கட்டுவதாவது! உன்னை வளர்த்தவள் நான், எனக்கே நீ சொல்லித் தருகிறாயா என்ற திமிரும் இருந்தது. இருந்தது என்ன, அதுதான் முழுக்க இருந்தது.

அன்று மத்தியானம் மழை கொஞ்சம் விட்டது. கூடத்தைத் துடைக்கலாம் என்று கூண்டைத் தூக்கிக் கார் நிறுத்தும் முன்கட்டில் தரையில் வைத்தேன். பத்தே நிமிடம் என்று நினைத்தேன். துடைத்துவிட்டுப் பின்னால் போய்த் துணி அலசினேன். மழை மறுபடியும் கொட்டியது. கூடத்திலிருந்து அவர் "ஊ… ஊ…" என்று கத்தினார். கக்கூசுக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "வரேன், இருங்க" என்று சொல்லிவிட்டுப் பிழிந்த துணியையும் உதறிவிட்டு நிதானமாக வந்தேன்.

வாசலில் சாக்கடை பொங்கி முன்கட்டு வரைக்கும் கறுப்புத் தண்ணீர் ஏறியிருந்தது. கூண்டுக்குள் அட்டைப்பெட்டி கூழாகிக் கிடந்தது. இரண்டும் வயிறு வரைக்கும் தண்ணீரில் நின்று வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தன.

உள்ளே தூக்கிவந்தேன். சாக்கடை நாற்றம். அப்படியே துடைத்து விட்டிருக்கலாம். ஒரு போன் போட்டு மகளைக் கேட்டிருக்கலாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சின்னது ஒன்று நனைந்து நடுங்கினால் என்ன செய்வோம்? வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டி, தலை துவட்டி, சாம்பிராணி காட்டுவோம். என் மகளுக்கு ஒரு வயது வரைக்கும் அப்படித்தான் செய்தேன். ஒரு சளி பிடித்ததில்லை அவளுக்கு.

குழந்தை சோப்புப் போட்டு இரண்டையும் கழுவினேன். சாமி மேடையிலிருந்து தூபக்காலை எடுத்துக் கரி பற்றவைத்தேன். பிரம்புக் கூடையைக் கவிழ்த்து, தூபக்காலை அதற்குள் வைத்து, கூடை மேல் துண்டு விரித்து இரண்டையும் உட்காரவைத்தேன். சாம்பிராணியை ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டேன். புகை வெளியே போய்விடக் கூடாதே என்று மேலே ஒரு சாரோங்கையும் போர்த்தினேன்.

வெள்ளை உதறிக்கொண்டு ஓடிப் போனது. செவலைதான் சொன்ன பேச்சைக் கேட்கும். யார் மடியில் வைத்தாலும் இருந்து பழகியது. அது அசையாமல் உட்கார்ந்திருந்தது.

நாற்காலியில் இருந்தவர் மறுபடியும் ஆரம்பித்தார். "ஊ… ஊ…" இடது கையால் நாற்காலிப் பிடியைத் தட்டினார். முகமெல்லாம் சிவந்து, கண்ணில் தண்ணீர். அவருக்குப் புகை ஆகவில்லை என்று நினைத்தேன். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. மறுபடியும் தட்டினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"கொஞ்ச நேரம் பேசாம இருங்களேன்!" என்று கத்தினேன்.

பதினோரு மாதமாகப் பேசு பேசு என்று யாரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேனோ, அவரிடம்தான் அப்படிக் கத்தினேன். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் செவலை பஞ்சு மாதிரி உலர்ந்து, மணக்க மணக்க அவர் மடியில் கிடந்தது. எனக்கு அவ்வளவு பெருமை. படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். சாம்பிராணி போட்டதை மட்டும் எழுதவில்லை. திட்டுவாள் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது போல.

மறுநாள் காலை அது தும்மியது. பிளாஸ்டிக் பையைச் சரசரக்க வைத்தேன், வெள்ளை மட்டும் விசில் அடித்தது. அதற்கு அடுத்த நாள் மூச்சு விடும்போது கரகரவென்று சத்தம் கேட்டது. துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கிராப் டாக்சி பிடித்து மிருக டாக்டரிடம் ஓடினேன். நம் தமிழ்ப் பெண்தான், சின்ன வயது. குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, என்ன நடந்தது என்று கேட்டாள். சொன்னேன்.

"புகையா ஆன்டி? எவ்ளோ நேரம்?"

"அரைமணி நேரம் இருக்கும்மா. மூடித்தான் வச்சேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இதுங்களுக்கு நெஞ்சு ரொம்ப வீக் ஆன்டி. குளுருக்குக்கூட கொஞ்சம் தாங்கிக்கும். புகை தாங்காது" என்று மெதுவாகச் சொன்னாள். மருந்து ஊற்ற ஊசியில்லாத ஒரு சிரிஞ்சு கொடுத்தாள். இரண்டு வேளைதான் ஊற்ற முடிந்தது. மறுநாள் காலை பத்து மணி வாக்கில், அவர் மடியில் இருக்கும்போதே அது போய்விட்டது. அவர்தான் முதலில் கண்டுபிடித்தார். தடவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

பின்னால் கறிவேப்பிலைச் செடி ஓரம் புதைத்தேன். அவர் பின்வாசல் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்கப்புறம் நான் செய்யாதது இல்லை. அரிசியைக் காலுறையில் கட்டி, சூடு பார்த்து, துண்டு சுற்றி வைத்தேன். மேசை மேல், காற்றுப் படாத மூலையில், புதுப் பெட்டி, புதுத் துணி, பெட்டி நிறையப் புல். வெள்ளை ஒண்டியாக அந்தக் காலுறையோடு ஒட்டிக்கொண்டு படுத்திருந்தது. தூக்கிப் போய் அவர் மடியில் விட்டேன். அவர் தொடவில்லை. "வா" இல்லை, "தின்னு" இல்லை. டிவியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மகள் போனில் அழுதாள், பிறகு வைத்துவிட்டாள்.

இரண்டு வாரம் அப்படிப் போயிற்று. ஒரு நாள் அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். வெளியே மழை. என்னால் பொறுக்க முடியவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். "எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா தெரியாது. புள்ளைக்குப் போடுற மாதிரிதானே போட்டேன். தெரிஞ்சு செய்வேனா? யாராவது ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்ல."

அவர் டிவியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் நான் வருடம் முழுக்கக் காத்துக் கிடந்தேன். வாய் கோணியது. நாக்கு எதையோ தேடியது. தொண்டையிலிருந்து சத்தம் வந்தது, பிறகு சத்தம் சொல்லாக வந்தது. தெளிவாக, எனக்கென்றே வந்தது.

"நா… சொன்னேன்."

"ஆமாங்க" என்றேன். "சொன்னீங்க."

அவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு இன்று வரைக்கும் பேசவில்லை.