கொம்பு வைச்ச சைக்கிள்

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, வருசம் சரியா ஞாபகமில்லை. ஐப்பசி மாதம், ஒஸ்லோவிலை இருந்து காரிலை ரெண்டு மணித்தியாலம் ஓடினா வாற ஒரு காட்டுக்குள்ளை நடந்தது. அண்டைக்கு நான் உயிரோடை வீடு திரும்பினதிலை என்ரை கெட்டித்தனம் ஒரு துளியும் இல்லை எண்டதை முதலே சொல்லிப்போடுறன்.

நான் அப்ப ஒரு ஹோட்டலிலை கோப்பை கழுவினனான். படிப்பு எட்டாம் வகுப்பு, அதையும் ரெண்டு தரம் படிச்சனான். எங்கடை குசினியிலை இறைச்சி வெட்டுற நோர்வேக்காரர் ஒருத்தர், வருசா வருசம் கூட்டாளிமாரோடை எல்க் வேட்டைக்குப் போவார். எல்க் எண்டா மான்தான், ஆனா குதிரையை விட உயரம். அதுக்கு மனுசன் போறது சைக்கிளிலை! எனக்குத் தலை விறைச்சுப்போச்சு. மானை எங்கை கட்டுறது, கரியரிலையோ?

கேட்டுக் கேட்டு மனுசன்ரை உயிரை எடுத்தன். காட்டு ரோட்டுக்குக் குறுக்காலை தடி போட்டுப் பூட்டியிருப்பினமாம், கார் போகேலாதாம். அதாலை தடிச்ச ரயர் போட்ட மலைச் சைக்கிள், பின்னாலை சாமான் இழுக்க ஒரு குட்டி வண்டில். கடைசியிலை அவரே அலுத்துப்போய், "நீயும் வாவன். சுட வேண்டாம், இழுக்க ஆள் வேணும்" எண்டார். நோர்வேக்கு வந்த அத்தினை வருசத்திலை ஒரு நோர்வேக்காரர் என்னை ஒரு இடத்துக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தரம்.

வீட்டை வந்து சொல்ல, மனுசி விழுந்து விழுந்து சிரிச்சா. "கோழி உரிக்கிறதைப் பாத்தாலே கண்ணைப் பொத்துற ஆள். இஞ்சாருங்கோ, மான் உங்களைக் கண்டா சிரிச்சே செத்துப்போகும்."

ஸ்ட்ரோம்மன் பக்கம் ஒரு சைக்கிள் கடைக்குப் போனன். கடைக்காரி நல்ல பொறுமைசாலி. பின்னுக்கும் ஸ்பிரிங் வைச்சது வேண்டாம், அதிலை கரியர் பூட்டுறது கரைச்சல், முன்னுக்கு மட்டும் இருந்தாக் காணும் எண்டா. சேத்துக்குள்ளையும் நிக்க டிஸ்க் பிரேக். ஏற்றத்திலை எழும்பி நிண்டு மிதிக்க, ஹாண்டில் ரெண்டு நுனியிலையும் கொம்பு மாதிரி ரெண்டு பிடி பூட்டினா கைக்குச் சுகமாம். பூட்டுங்கோ எண்டன். சிவப்பு ஒண்டும் மண்ணிறம் ஒண்டும் இருந்தது. மண்ணிறத்தைத் தள்ளிக்கொண்டு வந்தன்.

மிச்ச வேலையை வீட்டை நானே செய்தன். வெளிச்சம் பட்டா மினுங்கிற கட்டையெல்லாம் கழட்டினன். வெள்ளிக் கம்பியளுக்குக் கறுப்பு ரேப் சுத்தினன். பெல்லைக் கழட்டி, செயினுக்கு எண்ணெயைக் கவிட்டு ஊத்தினன். உருட்டிப் பாத்தா மூச்சுச் சத்தம் கூட இல்லை. "சிவப்பா ஏதாவது போட்டுக்கொண்டு வா, எல்க்குக்குச் சிவப்பு பெரிசாத் தெரியாது" எண்டு அந்த இறைச்சி வெட்டுறவர் சொன்னவர்தான். வேட்டைக்குப் போறனோ, திருவிழாவுக்குப் போறனோ? பகிடி விடுறார் எண்டு நினைச்சு மண்ணிற ஜக்கற்றைக் கொழுவிக்கொண்டு போனன். அவரும் கூட்டாளிமாரும் விடியக் கருக்கலிலையே காட்டுக்குள்ளை போயிட்டினம். நான் பிறகு சைக்கிளையும் ஏத்திக்கொண்டு பஸ்ஸிலை போய் இறங்கினதாலை என்ரை கோலத்தை ஒருத்தரும் காணேல்லை.

ஏழு பேர் ஏழு இடத்திலை துவக்கோடை குந்தியிருக்கினம். நான் ரோட்டிலை பூட்டின அந்தத் தடிக்குப் பக்கத்திலை, போன் வரும்வரைக்கும் நிக்கவேணும். ஒரு மணித்தியாலம் நிண்டன். குளிர். உள்ளை என்ன நடக்குது எண்டு பாக்காட்டி மண்டை வெடிச்சிடும் போலை இருந்தது. அவை வைச்சிட்டுப் போன வண்டிலை அங்கையே விட்டிட்டு, சைக்கிளை மெதுவா உள்ளுக்கு விட்டன். ஏற்றம் ஒண்டு வர, கொம்பைப் பிடிச்சுக்கொண்டு, குனிஞ்சு, பற்றையளுக்குள்ளாலை ஏறினன்.

"நில்!" எண்டு ஒரு கத்தல்.

எங்கடை இறைச்சிக்காரர்தான். நாப்பது மீற்றரிலை, துவக்கு என்னை நோக்கி. பிறகு அது மெல்ல மெல்ல நிலத்தைப் பாத்தது. மனுசன் குண்டைக் கழட்டிப்போட்டு அப்பிடியே பாசியிலை குந்திட்டார். முகத்திலை ரத்தமில்லை.

"மண்ணிற முதுகு தெரிஞ்சது. கொம்பு தெரிஞ்சது" எண்டார். "முழு உடம்பும் தெரியாமல் சுடக்கூடாது எண்டது எங்கடை சட்டம். பாத்துக்கொண்டு இருந்தன். சில்லு உருண்டு வந்துது. எல்க்குக்குச் சில்லு இல்லை."

நான் சிரிக்கப் பாத்தன். சிரிப்பு வரேல்லை. அவர் கோப்பி ஊத்தினார். அரைவாசி நிலத்திலை.

"ஏன் இப்பிடி ஒளிச்சு வந்தனி?"

அதுவரைக்கும் நானே அதை யோசிக்கேல்லை. "சண்டை நடந்த எங்கடை ஊரிலை, துவக்கு நிக்கிற பக்கத்தாலை போறதெண்டா, சைக்கிள் லைட்டையும் நிப்பாட்டிப்போட்டுத்தான் போறனாங்கள். கண்டா முடிஞ்சுது" எண்டன்.

"இஞ்சை நாங்கள் உன்னைக் காணவேணும், அதுக்குத்தான் சிவப்பு" எண்டார் மனுசன். பிறகு தன்ரை சிவப்புத் தொப்பியைக் கழட்டி என்ரை தலையிலை போட்டு, காது மூடும்வரைக்கும் இழுத்துவிட்டார். போனை எடுத்து மற்ற ஆறு பேருக்கும், "துவக்கை இறக்குங்கோ, எங்கடை ஆள் ஒருத்தன் நடுவிலை நிக்கிறான்" எண்டார்.

அண்டைக்கு மான் கிடைக்கேல்லை, ஒருத்தரும் என்னை ஏசவும் இல்லை. ஒளிச்சாத்தான் தப்பலாம் எண்டு பழகின உடம்பு இது. உன்னைக் காணவேணும் எண்டு நினைக்கிறவன் கையிலையும் துவக்கு இருக்கலாம் எண்டதை அதுக்கு விளங்கப்படுத்த எனக்கு இண்டைக்கும் கொஞ்ச நேரம் எடுக்குது.