கடைசி ஸ்டேஜில் செருப்பெண்ணி

இன்று காலை கேத்தலை அடுப்பில் வைக்கும் முன்பே மகனின் அறைக் கதவைத் தட்டப் போனேன். பாடசாலை விடுமுறை. காதில் ஹெட்செட்டோடு ஆறு மணிக்கே கத்திக்கொண்டிருந்தான்.

“விடாத... அவனைக் கொல்லு!”

கதவைத் திறந்து, அவன் ஹெட்செட்டைக் கழற்றி, “யாரையடா?” என்றேன்.

“வில்லன்தானம்மா. இவனைக் கண்டாலே எங்களுக்கு எரியும். ஆனா இவன் இல்லாட்டி கேம் சப்பெண்டு போயிடும்” என்றான்.

எங்களுக்கும் ஒருவன் இருந்தான்...

சூடேறிய பிளாஸ்டிக் மணம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. சண்டை நடந்த காலம். அப்பாவுக்குக் கண்டி கச்சேரிக்கு, அதாவது அங்குள்ள அரசாங்க அலுவலகத்துக்கு, மாற்றம் கிடைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கட்டுகஸ்தோட்டையில் வாடகைக்கு இருந்தோம். வெளிநாட்டுச் சித்தப்பா அனுப்பிய டிவி கேம், கால் மணி நேரத்தில் சுடத் தொடங்கும். கசட்டைக் கழற்றி, வாயால் ஊதி, மறுபடி செருகுவோம். எனக்குப் பதின்மூன்று வயது. தம்பிக்குப் பத்து.

கடைசி ஸ்டேஜில் ஒரு தடியன் வருவான். கோட்டை வாசலில் அங்குமிங்கும் நடப்பான். எங்களைக் கண்டால் நெருப்பு உருண்டை எறிவான். மூன்று மாதமாக ஒருநாள்கூட அவனை வெல்லவில்லை. ஆனாலும் பள்ளிக்கூடம் விட்டதும் அவனைத் தேடித்தான் ஓடி வருவோம்.

அவனுக்கு முகம் என்று ஒன்றும் இல்லை. நாலைந்து சதுரப் புள்ளிகள், அவ்வளவுதான்.

முகத்தை நான் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரரின் முகம்.

விமலதாச மாத்தையா (சிங்களத்தில் ‘ஐயா’) ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். அவருடைய மகன் ஆமியில், வடக்கில் நின்றார். மாத்தையா பின்னேரங்களில் மதிலோரம் நடந்தபடி எங்கள் வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்ப்பார். உதடு அசையும். வடக்கிலிருந்து யார் வந்து தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டிய நாட்கள் அவை. “அந்தாள் எண்ணுது” என்று அப்பா முணுமுணுப்பார்.

‘செருப்பெண்ணி’ என்று பெயர் வைத்தேன். எங்களோடு அவர் சிங்களத்தில் மட்டுமே பேசியதால், அவருக்குத் தமிழ் தெரியாது என்று முழு வீடும் நம்பியது. எல்லாவற்றையும் விறாந்தையில் நின்று சத்தமாகவே கதைத்தோம்.

“அக்கா, செருப்பெண்ணி வாறான்!”

“கொல்லடா அவனை! மண்டையில போடு!”

ஒரு வெள்ளிக்கிழமை பெரியம்மாவின் மகன் ரவி அண்ணா பாஸ்போர்ட் அலுவலாக வந்தார். களைத்துப் போயிருந்தார். நாளைக்குப் பதிவோம் என்றார் அப்பா. அம்மா வாசலில் நின்றபடி சொன்னா, “தம்பி, செருப்பைக் கட்டிலுக்குக் கீழ வை. பக்கத்து வீட்டார் எண்ணப்போறார்.”

ஒரு மணி நேரம் போகவில்லை, ஜீப் வந்து நின்றது.

“அந்தாள்தான் சொல்லிப்போட்டுது” என்றா அம்மா. ரவி அண்ணா குசினியில் சுவரோடு ஒட்டி நின்றார். அந்த நாட்களில் அவர் வயதுப் பிள்ளைகளை ஏற்றிப் போனால், திரும்பி வருவார்களா என்று யாருக்கும் தெரியாது.

பொலிஸ்காரர் மதிலருகே நின்றவரிடம் சிங்களத்தில் கேட்டார், இந்த வீட்டில் எத்தனை பேர் என்று.

மாத்தையா எங்கள் வாசலைப் பார்த்தார். நிதானமாக எண்ணினார். “நாலு பேர். ஒவ்வொரு நாளும் பார்க்கிறேனே” என்றார். அந்த ஒழுங்கையில் ஸ்டேஷன் மாஸ்டரின் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. ஜீப் போனது.

பிறகு அவர் மதிலில் கை ஊன்றி, அச்சொட்டான எங்கள் ஊர்த் தமிழில் சொன்னார்.

“கட்டிலுக்குக் கீழ வைக்காதேங்கோ அம்மா. முதல் அங்கதான் பாப்பினம். விடிஞ்ச உடன தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிஞ்சுபோடுங்கோ.”

பதினொரு வருஷம் வடக்கில் வேலை செய்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

தம்பியையும் என்னையும் பார்த்தார். சிரிக்கவில்லை.

“செருப்பெண்ணி இண்டைக்கும் சாகேல்லையோ?”

மூன்று மாதம்... மகனின் கடிதத்துக்காகக் காத்திருந்த அந்த வீட்டுக்குள், ஒவ்வொரு பின்னேரமும் நாங்கள் கத்திய ‘கொல்லு’ போய்ச் சேர்ந்திருக்கிறது.

“ஆர் வைச்ச பேர் இது?” அப்பா கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். நான் அலுமாரிக் கண்ணாடியைப் பார்த்தேன்.

“நான்தான்” என்றான் தம்பி. கன்னத்தில் அறை விழுந்தது. மன்னிப்புக் கேட்கவும் அவனைத்தான் கூட்டிப்போனார்கள். “நீயோ? எனக்குக் கேட்டது பெட்டையின்ர குரலெல்லோ” என்றாராம் மாத்தையா. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லையாம்.

அடுத்த நாளும் வழக்கம்போல மதிலோரம் நடந்தார், செருப்புகளைப் பார்த்தார். ஏன் எண்ணினார் என்று இன்றுவரை தெரியாது. அவருடைய மகன் மறு வருஷம் ஒற்றைக் காலோடு திரும்பி வந்தார். அதற்குப் பிறகு நாங்கள் அந்த கேமைத் தொடவேயில்லை.

என் மகனின் வில்லனுக்குச் சொந்த முகம், சொந்தக் குரல், அழவைக்கும் ஒரு பழைய கதைகூட இருக்கிறது. யாருடைய முகத்தையும் இரவல் வாங்கத் தேவையில்லை. இப்போது கதவைச் சாத்தினால் பக்கத்து வீட்டுக்கு எதுவும் கேட்பதுமில்லை. எங்களுக்கு ஒரு டிவி, ஒரு மதில்... எல்லாமே எல்லோருக்கும் கேட்டது.

மாத்தையா இப்போது கெலிஓயாவில் மகளோடு இருக்கிறார். தொண்ணூறை நெருங்குகிறார். காது மெல்ல மெல்லப் போகிறதாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை போகப்போகிறேன். வீட்டில் சொல்லவில்லை. கனடாவில் இருக்கும் தம்பிக்கும் சொல்லவில்லை. அந்தப் பெயரை வைத்தது நான்தான் என்று அவருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்ல வேண்டும்.

அவர் காதுபடக் கத்துவது எனக்குப் புதிதில்லையே...