வேன்காரம்மா விடாத வழக்கு

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அந்த அம்மாவுக்குப் பொறுமை என்பது ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போது மட்டும்தான். பின்னால் ஒரு வண்டிப் பிள்ளைகள் கத்தும், ஒன்று வாந்தியெடுக்கும், இன்னொன்று ஷூவைக் கழற்றி ஜன்னல் வழியாக வீசும். பல்லைக் கடித்துக்கொண்டு நிதானமாக ஓட்டுவாள். இறங்கிவிட்டால் போச்சு. கேட்டுக்குக் குறுக்கே கார் நிறுத்தியவனாகட்டும், பிள்ளையைக் கிளப்பாமல் காக்க வைத்த தாயாகட்டும், ஒரு பிடி பிடித்துவிட்டுத்தான் மறுவேலை. தெருவுக்கு அவள் வேன்காரம்மா. புருஷனுக்கு மட்டும் ‘பட்டாசு’. அதையும் அவள் காதில் விழாத தூரத்தில் நின்றுதான் சொல்வான்.

முதலில் வேனை ஓட்டியவன் அவன்தான். முதுகு போய்ப் படுத்ததும் வண்டியை விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தது. “ஏன், எனக்குக் கைகால் இல்லையா?” என்று கேட்டவள், அந்த வாரமே ஓட்டப் பழகப் போய்விட்டாள். அவன் இப்போது ஒரு பெயிண்ட் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான். அதிர்ந்து பேசாத மனுஷன்.

அவனுடைய தங்கை, வேன்காரம்மாவின் நாத்தனார், மாடியில் குடியிருந்தாள். கணவனுக்குக் கப்பலில் வேலை. பல வருஷம் ஏங்கி ஏங்கி உண்டான கர்ப்பம். ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பனிக்குடம் உடைந்துவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார், நாத்தனாரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். குழந்தை பிழைக்காது. ஆனால் இதயத் துடிப்பு இருக்கிறது. தாயின் உயிருக்கு ஆபத்து வந்தாலொழிய கர்ப்பத்தைக் கலைக்கக் கூடாது என்று அந்த மாநிலத்தில் சட்டம் போட்டிருந்தார்கள். கலைத்தால் டாக்டருக்கு ஜெயில்.

“காய்ச்சல் ஆரம்பிச்சிடுச்சே டாக்டர், இது ஆபத்து இல்லையா?” என்று கேட்டாள் வேன்காரம்மா.

“இன்னும் அந்த அளவுக்கு வரலைம்மா. காத்திருந்து பார்க்கணும்.”

“எந்த அளவுக்கு? பாதி செத்தா போதுமா, முக்காவாசி சாகணுமா?”

அவர் மறுபடியும் ஸ்கேனை எடுத்துப் பார்த்தார். பாவம், அவருக்கும் வீடு, வாசல், பெண்டாட்டி, பிள்ளை இருக்குமல்லவா? வேன்காரம்மாவுக்கு அப்போது அந்தப் பாவமெல்லாம் தோன்றவில்லை. நாத்தனாரை எழுப்பி, வேனின் கடைசி சீட்டில் படுக்க வைத்து, அண்ணன்காரனைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு வண்டியை எடுத்தாள். பக்கத்து மாநிலத்தில் இந்தச் சட்டம் இல்லை. வழியெல்லாம் “பேச்சுக் குடு, தூங்க விடாதே” என்று அவனை அதட்டிக்கொண்டே ஓட்டினாள். எல்லை தாண்டிய ஆஸ்பத்திரியில் நாத்தனாரை உள்ளே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கை விரித்திருப்போம் என்று அங்கே சொன்னார்கள்.

ஊர் திரும்பிய மறுவாரம் போலீஸ் வந்தது. கர்ப்பத்தைக் கலைக்க எல்லை தாண்டிக் கூட்டிப் போவதும் குற்றமாம். கூட்டிப் போனவள் என்று வேன்காரம்மாமேல் வழக்குப் போட்டார்கள். பள்ளிக்கூடம் அன்றைக்கே அவளை நிறுத்திவிட்டது. காலையில் எழுந்து பழக்கத்தில் வேனைத் துடைப்பாள். துடைத்த பிறகுதான் போக இடமில்லை என்பது உறைக்கும். அப்போது வரும் கோபத்துக்கு அளவே கிடையாது.

இலவசமாக வாதாட முன்வந்த வக்கீலம்மா, “வழக்கை மட்டும் எதிர்த்தா பத்தாதுக்கா, இந்தச் சட்டமே செல்லாதுன்னு ஒரு மனுவும் போடலாம்” என்றாள்.

“போடு. பெருசா போடு.”

போட்டார்கள். விசாரணை நெருங்கும் நேரத்தில், அவள்மேல் இருந்த குற்றச்சாட்டை அரசாங்கமே வாபஸ் வாங்கிக்கொண்டது. வீட்டில் எல்லாருக்கும் போன உயிர் திரும்பி வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து திங்கட்கிழமையே வேலைக்கு வரச் சொல்லி போன் வேறு. வக்கீலம்மா முகம் மட்டும் தொங்கிக் கிடந்தது.

“சந்தோஷப்படாதீங்கக்கா. உங்க மேல கேஸ் இருந்தாத்தான் கோர்ட்டு சட்டத்தை விசாரிக்கும். தோத்துட்டா சட்டமே போயிடும்னு பயந்து, உங்களை விட்டுட்டுச் சட்டத்தைக் காப்பாத்திக்கிறாங்க.”

வேன்காரம்மாவுக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. “அடப்பாவிகளா! நாளைக்கு இன்னொருத்தி இதே மாதிரி ஆஸ்பத்திரில போய்ப் படுத்தா அவ கதி?”

“விட்டுடுங்க அண்ணி,” என்றாள் நாத்தனார். “என்னால உங்க பொழப்பு போனது போதும். தெருவுல தலை நிமிர முடியலை. எல்லாத்தையும் மறந்துடலாம்.”

“நீ மறந்துடு தாயி, உனக்கு நல்லது. உன்னைத் தூக்கி உள்ள குடுத்தவ நான். என்னால முடியாதுடி.”

பள்ளிக்கூடத்துக்கு போன் போட்டு, சட்டத்தை எதிர்த்து நான் போட்ட வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, சம்மதமென்றால் வருகிறேன் என்றாள். அந்தப் பக்கம் லைன் துண்டிக்கப்பட்டது. அன்று சாயங்காலமே, யாரோ சொல்லி, முன்பின் தெரியாத ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு மூளையே உருவாகவில்லை என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. அழுது அழுது கண் வீங்கியிருந்தது. வேன்காரம்மா அவளை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள்.

கோர்ட்டில் அரசாங்க வக்கீல் எழுந்து, குற்றச்சாட்டே இல்லாதபோது இந்த மனுவுக்கு உயிரில்லை, தள்ளுபடி செய்யலாம் என்றார். நீதிபதி பேனாவை எடுத்தார். வேன்காரம்மா எழுந்து நின்றாள்.

“ஐயா, நான் ஒண்ணு சொல்லணும்.”

வக்கீலம்மா புடவையைப் பிடித்து இழுத்தாள். அவள் உட்காரவில்லை.

“வர்ற வியாழக்கிழமை இன்னொரு பொண்ணைக் கூட்டிட்டுப் போறேன். அதே ஆஸ்பத்திரி, அதே வேன்.”

“நீங்க இங்க சொல்றது பதிவாகும்மா,” என்றார் நீதிபதி. “நாளைக்கு உங்களுக்கு எதிராவே அதைப் பயன்படுத்தலாம்.”

“பயன்படுத்தத்தானே ஐயா சொல்றேன். அன்னைக்கு என்னைப் பிடிப்பாங்களா, மாட்டாங்களா? இவரையே கேட்டுச் சொல்லுங்க.”

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். “கேள்வி நியாயம்தான். என்ன சொல்றீங்க வக்கீல் சார்?”

அரசாங்க வக்கீல் தன் பேப்பர்களைப் புரட்டினார். பிடிக்க மாட்டோம் என்றால் அந்தச் சட்டம் எதற்கு? பிடிப்போம் என்றால் வழக்கு அப்படியே நிற்கிறது. மனுஷன் தண்ணீர் குடித்தார், தொண்டையைச் செருமினார்.

“சட்டம் இருக்கிறவரைக்கும்... நடவடிக்கை எடுத்துத்தான் ஆகணும்.”

“அப்போ மனுவுக்கு உயிர் இருக்கு,” என்ற நீதிபதி, சட்டம் செல்லுமா என்பதையே முழுதாக விசாரிப்பதாகச் சொல்லி, அதற்கு ஒரு தேதியும் கொடுத்தார். “அதுவரைக்கும் இந்த அம்மாவைக் கைது செய்யக் கூடாது. இவங்க ஒருத்தருக்கு மட்டும்தான் இந்த உத்தரவு. வேற யாராவது கூடப் போனா, அது அவங்க பொறுப்பு.”

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. தெருவில் தலை நிமிர முடியவில்லை என்ற நாத்தனார் எழுந்து நின்றாள். அவள் குரல் கோர்ட்டு முழுக்கக் கேட்டது.

“அன்னைக்கு அந்த வேன்ல படுத்திருந்தவ நான்தான் ஐயா. வியாழக்கிழமை நானும் கூடப் போறேன். எழுதிக்கங்க.”

இத்தனை நாளாக யாருக்கும் மறுபேச்சு மிச்சம் வைக்காத வேன்காரம்மாவுக்கு அப்போது ஒரு வார்த்தை வரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, எல்லாரும் பார்க்க ஓவென்று அழுதாள்.