போஞ்சிப் பாத்தியில் தொங்கிய சிடி

இன்று கம்ப்யூட்டர் முன்னால் இருந்தது நான், மருமகள் செல்வி, பக்கத்துக் காம்பரா வீட்டுப் பாக்கியம். நான் சொல்லச் சொல்லச் செல்வி இதை பிளாக்கில் எழுதுகிறாள்.

குவைத்தில் வேலை செய்யும் என் மகள் சரசுக்கு மாதத்தில் ஒரு நாள்தான் லீவு. இன்று நான்கு மணிக்கு ஸ்கைப்பில் முகம் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள்.

நேற்றுத்தான் டவுன் கடையில் கம்ப்யூட்டரிலிருந்த விண்டோஸ் விஸ்டாவை எடுத்துவிட்டுப் பழைய எக்ஸ்பியைப் போட்டுக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் வேகமாகத்தான் ஓடியது. இன்டர்நெட் மட்டும் வரவில்லை.

செல்வி கடைக்குப் போன் போட்டாள்.

"இன்டர்நெட் வர டிரைவர்னு ஒரு புரோகிராம் போடணுமாம் அத்தை. வாங்கினப்ப பெட்டியோட ஒரு சிடி வந்துச்சாம்."

எனக்கா மறக்கும்? அதை வீட்டுக்குப் பின்னால் போஞ்சிக்காய்ப் பாத்தியில் குருவி விரட்டக் கட்டியிருந்தேன். "பாட்டில்லாத சிடி எதுக்குக்கா? கொடியில கட்டுங்க, நல்லா மின்னும்" என்று சொன்னதே பாக்கியம்தான்.

எங்கள் லிந்துலை மழையில் ஓடிப்போய் அவிழ்த்து வந்து, சேலைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தேன். கம்ப்யூட்டர் இரண்டு தடவை அதைத் துப்பியது. மூன்றாம் தடவை எடுத்துக்கொண்டது.

நாலரைக்குச் சரசு வந்தாள். மெலிந்திருந்தாள். நான் கேட்பதற்குள் அவள் கேட்டாள்.

"ஏம்மா நனைஞ்சிருக்கீங்க? போயி தலையைத் தொவட்டிட்டு வாங்க. நான் எங்கயும் போகமாட்டேன்."

அத்தனை தூரத்திலிருந்தும் என் ஈரத் தலை அவளுக்குத் தெரிகிறது.

துவட்டிவிட்டு வந்து பார்த்தால், என் நாற்காலியில் பாக்கியம். மீதி நேரம் முழுக்க அவள்தான் பேசினாள். நான் பின்னால் நின்று மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைக்காரரை மன்னித்துவிட்டேன். பாக்கியத்தை மன்னிக்க மாட்டேன். அவளுக்குப் பரிந்து பேசுகிறவர்கள் கீழே எழுதுங்கள். உங்கள் பெயர்களும் எனக்கு மறக்காது.