பழனி ரோட்டில் நின்ற படகு

வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்தலாம் என்று இடம் விட்டுத்தான் கட்டினோம். கார் வரவில்லை. படகு வந்தது.

திண்டுக்கல் எங்கே, கடல் எங்கே. எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் வருகிற நாளே ஒரு திருநாள் மாதிரி. பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்காரர்கள்கூட அன்றைக்குக் குடத்தை வைத்துக்கொண்டு பேசிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட ஊரில், பழனிக்குப் போகிற ரோட்டோரம், ஒரு பாய்மரப் படகைக் கிரேன் வைத்து இறக்கினால் சனம் சும்மா இருக்குமா? இந்த வருசம் ஐப்பசி மழை எம்புட்டுப் பெய்யும் என்று என் வீட்டுக்காரருக்கு மட்டும் மேலிருந்து சேதி வந்திருக்கிறதாம், ஆடு மாடு வைத்திருப்பவர்கள் இப்போதே இடம் சொல்லி வைத்துக்கொள்ளுங்கள் என்று எதிர்த்த டீக்கடைக்காரர் அன்றைக்கே அறிவிப்புக் கொடுத்துவிட்டார். அவர் எனக்குத் தம்பி முறை. ஆகவே என் வீட்டுக்காரர் அவருக்கு மச்சான். கேலி செய்ய அதைவிட வேறு அனுமதி அவருக்கு வேண்டியதில்லை.

என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பலில் இருபது வருசத்துக்கு மேல் வேலை பார்த்தவர். கப்பல் வேலை என்றால் மேலே நின்று காற்று வாங்குவது என்றுதான் கல்யாணமான புதிதில் நானும் நினைத்திருந்தேன். இவருக்கு வேலை அடியில், எஞ்சின் அறையில். சூடு, எண்ணெய் வாடை, காதை அடைக்கிற இரைச்சல். வேலை முடிந்தால் தூக்கம். உலகத்தையே சுற்றி வந்தவரிடம் கடல் எப்படி இருக்கும் என்று கேட்டால், "சத்தமா இருக்கும்" என்பார். அவருக்குத் தெரிந்த கடல் அவ்வளவுதான். வேலையிலிருந்து ஓய்ந்து வந்தபிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"எஞ்சினே இல்லாத போட்டு ஒண்ணுல, மேல ஒக்காந்து, ஒரே ஒரு தடவ போயிட்டு வரணும்."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். கொடைக்கானல் ஏரியில் மிதிபடகு இருக்கிறது, அதில் எஞ்சின் கிடையாது, கூட்டிப் போங்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் தூத்துக்குடியில் படகு பழுது பார்க்கும் இடம் வைத்திருக்கிறார். அவர்தான் இந்தப் படகைக் காட்டிக் கொடுத்தது. யாரோ வெளிநாட்டுக்காரர் விட்டுப்போய், வெயிலில் வருசக்கணக்காகக் கிடந்ததாம். அங்கேயே வைத்துப் பழுது பார்த்தால் இடத்துக்கு வாடகை, நம் வாசல் சும்மாதானே கிடக்கிறது என்பது இவர் யோசனை. கூட்டாளி ஒன்றே ஒன்று சொல்லி அனுப்பினார். படகின் வயிற்றுக்கு அடியில் ஒரு பெரிய இரும்புக் கட்டை தொங்கும். காற்று எவ்வளவு சாய்த்தாலும் கவிழவிடாமல் நிமிர்த்துவது அதுதான். அந்தக் கட்டை படகோடு சேருகிற மூட்டில் ஒழுகினால் இங்கே கொண்டுவராதே, நான் கடலில் இறக்க மாட்டேன், பழைய இரும்புக்குப் போட்டுவிடு என்று கறாராகச் சொல்லிவிட்டார். தைப்பூசம் முடிந்ததும் லாரி அனுப்புவதாகப் பேச்சு. அதற்குள் ஒழுகாத படகாக ஆக்கியாக வேண்டும்.

மாசக்கணக்கில் வேலை நடந்தது. இவர் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். ஃபைபர் தூள் பறந்து என் கொடியில் காய்கிற சேலையில் உட்காரும். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனால் சாமி கும்பிட முடியாது, சொறிந்துகொண்டுதான் நிற்க வேண்டும். ஃபைபர் ஒட்டுகிற ரெசின் பசையைக் கலக்கிற நாளில் சாம்பாரும் ரெசின் வாடை அடிக்கும். கலந்தது இறுகுவதற்குள் பூசிவிட வேண்டும் என்பதால், சோறு ஆறுகிறது என்று எத்தனை தடவை கூப்பிட்டாலும் வரமாட்டார். ஒருநாள் என் இட்லிமாவுக் கரண்டியைக் காணோம் என்று வீடெல்லாம் தேடினேன். ரெசின் டப்பாவில் சிலையாக நின்றுகொண்டிருந்தது.

படகின் கிழிந்த பாயைத் தைக்கிற வேலை என் தலையில் விழுந்தது. நான் எட்டாவது வரைதான் படித்தவள். ஆனால் ரவிக்கை தைப்பதில் எங்கள் தெருவில் என்னை மிஞ்ச ஆளில்லை. பாய் என்ன, பெரிய ரவிக்கைதானே என்று துணிந்து உட்கார்ந்தேன். முன்னறையில் தையல் மெஷின், வாசல் வழியாக ரோட்டு மண் வரைக்கும் துணி. நான் மிதிக்க மிதிக்க இவர் வெளியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக் கொடுப்பார். பக்கத்து வீட்டு ஆடு ஒன்று நடுவில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. எல்லாம் தைத்து முடித்தபின், யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் சிவப்பு நூலால் சின்னதாக ஒரு வேல் போட்டேன். இது எதற்கு என்று கேட்டார். அந்த இடம் கிழியாமல் இருக்க என்றேன். பொய் இல்லையே.

உள்ளே சன்னலுக்குப் பழைய சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலையைக் கிழித்துத் திரை போட்டேன். முருகன் படம் மாட்ட ஒரு ஆணி மட்டும் அடித்துக்கொள்கிறேன் என்று சுத்தியலோடு போனபோதுதான் பெரிய சண்டை வந்தது. "படகுல ஆணி அடிச்சேன்னா, அந்த ஓட்டையில ஒன்னயவே வச்சு அடச்சுருவேன்" என்றார். முருகனைப் பசை போட்டு ஒட்டினோம்.

அவர் செய்த வேலைகளிலேயே அவருக்குப் பெருமை ஒரு கைப்பம்பில்தான். படகுக்குள் தண்ணீர் புகுந்தால், மேலே உட்கார்ந்தபடியே கைப்பிடியை ஆட்டி வெளியே இறைத்துவிடலாம். பழைய பம்பு ஒன்றைப் பிரித்து, உள்ளே ரப்பரையெல்லாம் மாற்றி, பக்கவாட்டில் ஹோஸ் குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டும்படி அவரே பொருத்தினார். அது எப்படி வேலை செய்கிறது என்று தினமும் டீக்கடையில் பாடம் நடக்கும். தண்ணியே இல்லாத ஊரில் தண்ணி இறைக்க மிஷின் வைத்த முதல் ஆள் நம்ம மச்சான்தான் என்று டீக்கடைக்காரர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்கழி முடிகிற சமயத்தில் வேலையும் முடிந்தது. இனி ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். படகைத் தண்ணீரில் வைக்க வழியில்லை. ஆகவே தண்ணீரைப் படகில் வைப்பது என்று முடிவெடுத்தார். புதுச் சட்டி வாங்கினால் நாம் செய்வதுதானே. அகரம் பக்கத்துத் தோட்டக் கிணற்றிலிருந்து டிராக்டரில் ஒரு டேங்க் தண்ணீர் வந்தது. குடத்துக்கு அடித்துக்கொள்கிற ஊரில் ஒரு மனுசன் தண்ணீரை விலைக்கு வாங்கிப் படகுக்குள் ஊற்றுவதைத் தெருவே கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தது. இவர் அடியில் மணல் மூட்டைகளை அண்டக் கொடுத்தார். உள்ளே பென்சிலால் ஒரு கோடு போட்டு, கோட்டு மட்டம் வரை நிரப்பினார்.

மறுநாள் காலையில் தண்ணீர் கோட்டுக்கு நாலு விரற்கடை கீழே இருந்தது.

சாக்கை விரித்துப் படகுக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்து, கட்டை சேருகிற மூட்டைத் தடவிப் பார்த்தார். சருகாகக் காய்ந்திருந்தது. இருந்தாலும் அதன்மேல் இன்னொரு தடவை பட்டி பார்த்து, ஃபைபர் ஒட்டி, காயவிட்டு, மறுபடி கோடு வரை நிரப்பினார். அடுத்த நாள் ஐந்து விரற்கடை இறங்கியிருந்தது. அதற்கும் மேல் ஒட்டினார். அதுவும் இறங்கியது. கசிவு கண்ணில் படவில்லை, தண்ணீரோ தினம் குறைந்தது.

டீக்கடையில் போய் உட்கார்ந்து புலம்புவார். டீக்கடைக்காரர் ரொம்ப அக்கறையாக, இன்றைக்கு எத்தனை விரற்கடை மச்சான் என்று கேட்பார். கண்ணுக்குத் தெரிகிற ஓட்டையை அடைத்துவிடலாம், தெரியாத ஓட்டைதான் மோசம் என்று ஆறுதலும் சொல்வார்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். மார்கழிக் கடைசியிலேயே எங்கள் ரோட்டில் பழனிப் பாதயாத்திரைக் கூட்டம் வர ஆரம்பித்துவிடும். விடிய விடிய மேளமும் பாட்டும் அரோகராவும்தான். வாசலில் நின்று கும்பிட்டேன். முருகா, அந்த ஓட்டையை அடைத்துக் கொடு, உன்னைப் பார்க்க நடந்து வருகிற பிள்ளைகளுக்கு இந்த வாசலில் கால் நனையத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். மறுநாள் போய்ப் பார்த்தால் ஆறு விரற்கடை. முருகன்மேல் எனக்கே கொஞ்சம் வருத்தம்தான்.

கடைசியில் அவர் பழைய இரும்புக்காரருக்குப் போன் போட்டுவிட்டார். நாளைக் காலையில் வந்து கட்டையைப் பார்க்கிறேன் என்று அந்த ஆள் சொன்னாராம். அன்றைக்குச் சோற்றுக்கு வைத்த வெஞ்சனத்தை இவர் தொடவே இல்லை.

"கப்பல்லயும் அடியிலதான் கெடந்தேன். சொந்தமா ஒண்ணு வாங்குனேன், அதுலயும் அடியிலயே படுத்துக் கெடக்கேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எழுந்துபோய்க் கோலமாவு டப்பாவை எடுத்து வந்தேன். படகின் அடிவயிறு முழுக்க மாவைப் பூசிவிடலாம், எங்கே ஈரம் வந்தாலும் அங்கே மாவு நனைந்து காட்டிக் கொடுத்துவிடும் என்றேன். இதுவும் ஆகட்டும் என்று கூடமாட நின்றார். நான் மூட்டைச் சுற்றிப் பூசினேன். மிச்சத்தைச் சொட்டு விழுகிற இடம் தெரியட்டும் என்று சுற்றிலும் தரையில் தூவிவிட்டேன். டீக்கடைக்காரர் அந்நேரம் கடையை அடைத்துவிட்டுப் போயிருந்தார்.

காலையில் வந்து பார்த்தோம். படகில் பூசிய மாவு பூசியபடியே, பொட்டு ஈரமில்லாமல் இருந்தது. உள்ளே தண்ணீர் ஐந்து விரற்கடை இறங்கியிருந்தது. தரையிலோ, மாவு முழுக்கக் காலடி. வெறுங்கால்கள். பெரிதும் சின்னதுமாக எத்தனையோ கால்கள்.

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். "முருகன் வந்துட்டுப் போயிருக்காரு."

இவர் குனிந்து பார்த்தார். ஏணிப்படியில் ஏறிப் போன ஒரு தடம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. குதிகால் ஒரு பக்கம் தேய்ந்த செருப்புத் தடம். ஏறி, இறங்கி, நேராக ரோட்டைத் தாண்டி டீக்கடைக்குப் போயிருந்தது.

"ஒரு முருகன் மட்டும் ரப்பர் செருப்புப் போட்டுட்டு வந்திருக்காரு" என்றார்.

போய்க் கேட்டால் டீக்கடைக்காரர் அலட்டிக்கொள்ளவே இல்லை. பாலைக் காய்ச்சிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். தண்ணீர் ஊற்றிய மறுநாள், விடியுமுன் கடை திறக்க வந்திருக்கிறார். பாதம் கொப்புளம் கட்டிப்போன பெண்கள் சிலர் கால் கழுவத் தண்ணீர் கேட்டிருக்கிறார்கள். குழாயில் சொட்டு இல்லை. எதிரே பார்த்தால் ஒரு படகு நிறையத் தண்ணீர். பம்பை எப்படி ஆட்டுவது என்பதுதான் அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்ததே. ஹோஸை ரோட்டோரம், கடை டம்ளர் கழுவி எந்நேரமும் ஈரமாகவே கிடக்கிற பள்ளத்துக்கு இழுத்துவிட்டு, ஏறி உட்கார்ந்து இறைத்திருக்கிறார். அன்றிலிருந்து தினமும் அதே வேலை. முறை வரும்வரை சனம் படகைச் சுற்றித்தான் நின்றிருக்கிறது. பாட்டுச் சத்தத்தில் எங்களுக்குப் பம்புச் சத்தம் கேட்கவில்லை.

"ஏலே, இத்தன நாளா ஒங்கடையில வந்துதானடா அழுதேன். ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?"

"சொன்னா நிறுத்திப்புடுவீக மச்சான். அதுவும் போக, நீங்க அழுகுறது பாக்க நல்லா இருந்துச்சு."

இவர் கை ஓங்குவாரோ என்று பார்த்தேன். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப அது ஒழுகலயா?" என்றார், சின்னப்பிள்ளை கேட்பது மாதிரி.

"ஒழுகியிருந்தா எனக்கு ஏது தண்ணி? ஆனா பம்பு ஒண்ணாம் நம்பரு, மச்சான்."

இரண்டு டீ குடித்தார். இரண்டாவதுக்குச் சர்க்கரை தூக்கலாகக் கேட்டார். பழைய இரும்புக்காரர் வந்தபோது அவரையும் பம்படியில் நிறுத்திக் கால் கழுவவைத்து, டீ வாங்கிக் கொடுத்து வெறுங்கையோடு அனுப்பினார். எனக்கு மட்டும் உள்ளே ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஓட்டையை அடைத்தால் நடந்து வருகிறவர்களுக்குத் தண்ணீர் தருகிறேன் என்றுதானே வேண்டினேன். அவர்களுக்குத் தண்ணீர் போனதைத்தான் நாங்கள் ஓட்டை என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறோம். நான் வாய் திறப்பதற்கு முன்பே முருகன் வசூலை ஆரம்பித்துவிட்டார். பழனியில் கோவணத்தோடு நிற்கிறாரே, ஒன்றும் தெரியாதவர் என்று நினைத்துவிடக் கூடாது.

பூசம் வரைக்கும் இவரே டிராக்டர் டேங்க் சொல்லி நிரப்பினார். சும்மா நிரப்பினாரா, அதிலும் ஒரு வேலைப்பாடு. நீளமான பிளாஸ்டிக் பைப்பில் வரிசையாகத் துளை போட்டு ஹோஸில் மாட்டி, ஒரே நேரத்தில் ஒரு வரிசை ஆட்கள் கால் நனைக்கும்படி செய்தார். படகில் ஓட்டை போடாதே என்று என்னிடம் சண்டை போட்ட மனுசன் துளை போட்டதைக் கண்ணாரப் பார்த்தேன். ரெசின் வாடைத் தண்ணீரை யாராவது குடித்துவிடப் போகிறார்கள் என்று, கால் கழுவ மட்டும் என்று நான் சுண்ணாம்பால் படகிலேயே எழுதி வைத்தேன். குடிக்கப் பக்கத்தில் பானை வைத்தேன்.

பூசம் முடிந்து லாரி வந்தது. டீக்கடைக்காரர் படகு மூக்கில் ஒரு எலுமிச்சம்பழம் கட்டிவிட்டு, ஒழுகினால் ஒரு போன் போடுங்க மச்சான், வாளியோட வாரேன் என்றார்.

தூத்துக்குடியில் கூட்டாளி மூட்டைத் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார். இத்தனை அடுக்கு ஃபைபர் எதற்கு, கோட்டைச் சுவர் மாதிரி இருக்கிறதே என்றார். படகைக் கடலில் இறக்கினார்கள்.

கரை விலகியது. முருகன் பேரை முணுமுணுத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கூட்டாளி சுக்கானைப் பிடித்திருந்தார். பாய் புடைத்து நின்றது, மூலையில் என் சிவப்பு வேல் வெயிலில் தெரிந்தது. இதைக் காட்டலாம் என்று திரும்பினால் பக்கத்தில் இவரைக் காணோம். உள்ளே எட்டிப் பார்த்தால், டார்ச்சும் கையுமாகக் கவிழ்ந்து படுத்து மூட்டைத் தடவிக்கொண்டிருக்கிறார். மேலே வந்தார், உட்கார்ந்தார், மறுபடி இறங்கினார். அடுத்த தடவை அவர் மேலே வந்ததும், உள்ளே போகிற வாசலைப் பலகையால் மூடி, அதன்மேல் நான் உட்கார்ந்துகொண்டேன்.

"தள்ளு. ஒரே ஒரு தடவ பாத்துட்டு வந்துர்றேன்."

"ஒழுகுனா மொதல்ல என் சேலதான் நனையும். நான் சொல்றேன். நீங்க ஒக்காருங்க."

கூட்டாளி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தார். இவர் முறைத்துப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். காற்று அவர் சட்டைக்குள் புகுந்து முதுகில் உப்பியது. கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தமே இல்லையேடி" என்றார்.

நான் பலகையை விட்டு எழுந்திருக்கவில்லை.